எள்ளலும் பேதைமையும்

பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம் ஒரு திரைப்படம் என் நினைவில் எழும். சூது தருமத்தைப் பற்றினாலும் ஈற்றில் தருமமே வெல்லும் என்று அக்காவியத்தில் அருச்சுனன் வீமனைத் தேற்றுவான். நலன் குமரசாமி 2013 இல் தம் முதற் படத்துக்குப் பெயரிட்டபோது, அத்தேறுதலின் முற்பாதியிலிருந்து இரு சொற்களை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டார். ‘சூது கவ்வும்’ படத்தில் தருமம் வெல்வதில்லை. நேர்மையான அமைச்சர் பதவி இழக்கிறார்; தான் கடத்தப்பட்டதாக நாடகமாடித் தந்தையிடம் பணம் பறிக்க முனைந்த மகன் அரசியலில் உயர்கிறான்.

அதன் இரண்டாம் பாகம் எஸ். ஜே. அர்ஜுனின் இயக்கத்தில் 2024 டிசம்பரில் வெளிவந்தது. விஜய் சேதுபதி தலைமை தாங்கிய கடத்தற் கூட்டத்துக்குப் பதிலாக மிர்ச்சி சிவாவின் தலைமையில் புதியதொரு கூட்டம். கருணாகரன், எம். எஸ். பாஸ்கர், ராதாரவி ஆகியோர் தத்தம் பழைய வேடங்களில் தொடர்கின்றனர்.

விஜய் சேதுபதி இல்லாமையே குறை என்றார் நண்பர் ஒருவர். நான் அதனை ஒப்பவில்லை. எங்கள் கூத்துகளில் ஒரே அரசனை முன்னிரவில் ஒருவரும் பின்னிரவில் ஒருவரும் ஆடுவதுண்டு. பாத்திரம் நிலைத்து நின்றால் ஆளின் மாற்றம் கண்ணை உறுத்தாது.

நகை பிறக்கும் களங்கள் நான்கெனத் தொல்காப்பியம் வகுத்தது. அவற்றுள் எள்ளல் ஒன்று; பேதைமை மற்றொன்று. முதற் படத்தின் தாஸ் பேதைமையின் வடிவம். ஆட்கடத்தலுக்கென்று ஐந்து விதிகளை வகுத்து, அதிகாரமுள்ளோரைத் தொடலாகாது, அளவாகவே பணம் கேட்கவேண்டும் என்று, விடுமுறை விதிகளை விளக்கும் எழுதுவினைஞரைப்போல் அமைதியாகச் சொல்லுவான். இல்லாத ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துவான். தான் நகைப்புக்குரியவன் என்பதை அவன் அறியான். ஆதலால் நாம் சிரித்தோம். அதே வேளை அவனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சவும் செய்தோம். அந்த அச்சம் நீங்கினால் கறுப்பு நகைச்சுவை வெறும் விகடமாகிவிடும்.

சிவாவின் கலையோ எள்ளல். 2010 இல் வந்த ‘தமிழ்ப் படம்’ திரைநாயகர்களின் வீராப்பையெல்லாம் நையாண்டி செய்தபோது அவரைவிடப் பொருத்தமானவர் இருந்திரார். (அப்படத்தை இன்றும் விரும்பிப் பார்ப்பவன் நான்.) ஆனால் நிதியமைச்சரையே கடத்தும் வேளையிலும் அவர் முகம் ‘இது விளையாட்டு’ என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவரே அஞ்சாதபோது அவருக்காக நாம் அஞ்சுவது எங்ஙனம்? கற்பனைப் பெண்ணும் மறுபடி வருகிறாள். முன்னர் அவள் தாஸின் தனிமையாக இருந்தாள், இப்போது பழைய படத்தை நினைவூட்டும் ஓர் அடையாளமாக நிற்கிறாள்.

இத்தனைக்கும் கடத்தப்படும் அந்த நிதியமைச்சர் வேறெவரும் அல்லர். முதற் படத்தில் தந்தையை ஏமாற்றிய அதே மகன்தான். கருணாகரன் இன்னும் சிரிக்காமலே நடிக்கிறார். ஊழலை அவர் ஓர் உத்தியோகமாகவே கருதுகிறார். அவர் தோன்றும் காட்சிகளில் மட்டும் பழைய அச்சம் என்னைச் சற்றே தீண்டியது.