கழிவென்று கைவிடலாமா?

பயன் தீர்ந்த கதிரியக்க மூலங்களை ஈயப் பெட்டியில் அடைத்து ஒரு மூலையில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் இன்னும் உளர். இதனினும் கேடான கருத்து வேறில்லை. மூலையில் போட்டது மூலையிலேயே கிடப்பதில்லை என்பதே வரலாறு புகட்டும் பாடம்.

பிரேசில் நாட்டுக் கொயானியா நகரில், இடம் மாறிச் சென்ற மருத்துவ நிலையமொன்று புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் பழைய கருவியைக் கைவிட்டுச் சென்றது. 1987 செப்டம்பரில் பழைய இரும்பு தேடியோர் அதனைப் பிரித்து விற்றனர். உள்ளிருந்த சீசியம்-137 இருளில் நீல நிறமாய் ஒளிர்ந்தது. அவ்வொளியில் மயங்கியோர் உற்றார்க்கும் அதனைப் பகிர்ந்தளித்தனர். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் மாண்டனர். 100 கிராமுக்கும் குறைவான அப்பொடி பரவிய இடங்களைத் தூய்மை செய்ததில் ஏறத்தாழ 3,500 கன மீட்டர் கழிவு சேர்ந்தது. எங்கோ நடந்ததென்று இதனை ஒதுக்குவதற்கில்லை. 2000-ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சமுத் பிராகானில், காவலின்றிக் கிடந்த கோபால்ட்-60 பழைய இரும்புக் கடையை அடைந்தது; மூவர் உயிரிழந்தனர்.

"அவ்வாறாயின் ஆழப் புதைத்துவிடலாமே" என்பர் சிலர். ரேடியம்-226 பாதியாய்க் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் வேண்டும். ஒரு தலைமுறையின் சோம்பலுக்கு அறுபது தலைமுறைகள் காவல் இருப்பதோ? அந்த ரேடியமே இன்று மருந்துக்கு மூலப்பொருளாகிறது. துகள்முடுக்கியில் புரோட்டான்களால் அதனைத் தாக்கினால் அக்டினியம்-225 பிறக்கிறது. புற்றணுக்களை நாடிச் சென்று அழிக்கும் மருந்துகளுக்கு அது வேண்டப்படுகிறது. பழைய ரேடியத்தை இப்பணிக்குத் திருப்ப அனைத்துலக அணுசக்தி முகவாண்மை 2021-இல் ஒரு திட்டம் தொடங்கியது. கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டில் பாதி வலிமை இழக்கும். சிகிச்சைக்குப் போதாத அது, கதிர்வீச்சு அளவிகளைச் சரிபார்க்கப் போதும்.

கொண்டுசெல்வதில் செலவும் இடரும் உண்டெனக் கூறுவது மெய்யே. ஆயினும் காவலோடு ஒருமுறை செல்லும் பயணம் பெரிதா, காவலின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நஞ்சு பெரிதா? மறுபயன்பாடு அணு உலைக் கழிவையெல்லாம் தீர்த்துவிடாது. எஞ்சியதைப் புதைத்தே ஆகவேண்டும். எனினும் பயன்படுவதைக் கழிவெனப் புதைப்பது அறிவுடைமை ஆகாது.

வாங்கும் நாளிலேயே, ஆக்கியோனிடம் திருப்பித் தரும் உடன்பாடும் எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு மூலமும் அரசின் பதிவேட்டில் இடம்பெறல் வேண்டும். அணுவின் ஆற்றலை மாணவர்க்குக் கற்பிக்கும் பாடநூல், அதன் முதுமையையும் கற்பித்தல் வேண்டும். நீல ஒளியைக் கண்டு கை நீட்டிய அச்சிறுமிக்கு அதனைச் சொல்லித் தர ஒருவரும் இருக்கவில்லை.