தீவகத்தின் பூட்டிய வீடுகள்: முதலீடு செய்யமுன் உறுதியைப் பாருங்கள்

விடுமுறை நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்குத் தோன்றுவது இயல்பு. இங்கே ஒரு காணி வாங்கி, நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டால் என்ன?

ஆனால் புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஒழுங்கைகளுக்குள் போனால் வேறொரு காட்சி. 1990, 1991 இடப்பெயர்வுகளில் பூட்டிவிட்டுப் போன வீடுகள் பல இன்றும் திறக்கப்படவில்லை. சிலவற்றில் கூரையே இல்லை. உரிமையாளர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். தீவகத்தில் பஞ்சம் வீட்டுக்கு அல்ல, தெளிவான உரித்துக்குத்தான்.

வங்கிக் கடனுக்கு முதலில் கேட்பது உறுதி. பல குடும்பங்களில் அது போரில் தொலைந்தது. பேரன் பெயரில் இருக்கும் காணி பிரிக்கப்படாமலே பத்துப் பேரின் பங்காகிவிட்டது. மலிவாக வரும் காணி பல வேளைகளில் இப்படியொரு பிரிபடாத பங்குதான். தேசவழமையின்படி அதை வெளியாருக்கு விற்கமுன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அறிவிக்காமல் வாங்கினால் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறோம்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு தடை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகப் பெறுபவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே பலருக்குப் புதிதாக வாங்குவதைவிட, இருக்கும் வீட்டைத் திருத்துவதே நடைமுறைக்கு உகந்தது.

இதற்குப் பழைய வழியொன்று நம்மிடமே இருக்கிறது: ஒற்றி. பணம் கொடுத்தவர் வட்டி வாங்காமல் காணியையோ வீட்டையோ அனுபவிப்பார். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் மீட்டுக்கொள்ளலாம். இதே கணக்கை வாடகைக்கும் பொருத்தலாம். உதாரணமாக, குடியேறும் குடும்பம் 6 இலட்சம் ரூபா செலவழித்து வீட்டைத் திருத்துகிறது. மாத வாடகை 10,000 ரூபா எனப் பேசிக்கொண்டால் 60 மாதங்களில், அதாவது 5 வருடங்களில், செலவு கழிந்துவிடும். இதற்கு வங்கி தேவையில்லை.

உரிமையாளரைத் தடுப்பது ஒரு பயம்: பத்து வருடம் இருந்தால் வீடு அவர்களுக்கே போய்விடுமே! சட்டம் சொல்வது அதுவல்ல. உரிமையாளரின் உரித்தை மறுத்து, இடையூறின்றிப் பத்து வருடம் ஆட்சி செய்தவரே அப்படிக் கோர முடியும். அனுமதியோடு இருப்பவர், இருந்த காரணத்தால் மட்டும் உரிமையாளராகிவிட முடியாது. போரால் வழக்குப் போட முடியாதவர்களுக்காக 2016இல் கொண்டுவரப்பட்ட விசேட சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தையே கருத்தில் எடுத்தது. அதற்குப் பின் ஓடிய வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே சும்மா பூட்டிவைப்பதே ஆபத்து. எழுத்திலுள்ள குத்தகை, குடியிருப்பவர் உங்கள் உரித்தை ஏற்றுக்கொண்டதற்கான சாட்சி.

அதே எழுத்துத்தான் குடியிருக்கும் குடும்பத்துக்கும் காவல். “இருந்து பாத்துக்கொள்ளுங்கோ” என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கூரை போட்டவர்கள், பிள்ளைகள் வந்து விற்கும்போது எதையும் காட்ட முடியாமல் வெளியேறுகிறார்கள். மீள்குடியேறியும் சொந்தக் காணி இல்லாத குடும்பங்களே இதில் அதிகம் இழக்கின்றன. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பதே சட்டம். திருத்தச் செலவு, கழிக்கும் முறை, காலம் மூன்றும் அதில் இருக்கட்டும். காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவரா நன்னீரா என்பதையும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். தீவகத்தில் வாடகையைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்குண்டு.

அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது, சகோதரர்கள் ஒரு நாளை ஒதுக்கி உறுதியைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். யார் யாருக்கு என்ன பங்கு என்று எழுதுங்கள். விடுதி கட்டும் திட்டத்தைப் பிறகு பேசலாம்.