ஈராண்டு அறையும் பன்னீராண்டு உயிரும்



ஆண்டுதோறும் ஆடி பிறந்தால் நம்மில் ஒரு கூட்டம் பெட்டி படுக்கையுடன் இந்நகரில் வந்து இறங்குகிறது. வைகாசி முடிந்தால் மற்றொரு கூட்டம் பட்டம் வாங்கிக்கொண்டு புறப்படுகிறது. புறப்படுவோர் அறையைக் காலி செய்கிறார்கள். முன்பணத்தைக் கணக்குப் பார்த்து வாங்குகிறார்கள். பால்காரர் பாக்கியைத் தீர்க்கிறார்கள். மெத்தையையும் மின்விசிறியையும் அடுத்து வருபவனுக்கு விற்கிறார்கள். எல்லாக் கணக்கும் தீர்ந்தபின் வாசற்படியில் ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது. வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கணக்கை யார் தீர்ப்பது?

சிறிய கேள்வி என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தவனே. ஜோகுபாளையத்தில் ஏழு மாதம் வாழ்ந்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் இடைப்பட்ட இந்தப் பேட்டையில் ஒரு மாடி அறை எனக்குக் கிடைத்தது. சொந்த ஊர் ஆம்பூருக்கு அருகில். புதிய நகரம் என்றாலும் முற்றிலும் அயலூர் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்த காலந்தொட்டுத் தமிழர் வாழ்ந்துவரும் பகுதி இது. தெருவில் இறங்கினால் காதில் தமிழ் விழும். ஏரிக்கரைப் பக்கம் போனால் வள்ளுவர் சிலையாய் அமர்ந்திருப்பார். ஆயினும் ஒருவன் ஓர் ஊரில் வந்து தங்குவது வேறு. அவ்வூரான் ஆவது வேறு. அந்தச் சிலையே 1991-இல் ஆயத்தமாகியும் பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைக்கும்கூட அண்டை அயலாரின் இசைவு வேண்டியிருந்தது! அப்படியிருக்க, நேற்று வந்த நான் எம்மாத்திரம்?

முதல் மாதம் என்னோடு பேச வந்தவர் எவரும் இல்லை, வந்தது மணிதான். மாடிப்படியின் அடியில் படுத்திருந்த செவலை நாய். எனக்கு முன் அந்த அறையில் இருந்த மாணவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், சோறு வைத்தார்கள், படிப்பு முடிந்ததும் போய்விட்டார்கள். நாய்க்குப் படிப்பு முடிவது தெரியுமா? அது அந்தப் படியிலேயே இருந்தது. நான் மாலையில் ரொட்டி வாங்கி வந்தேன். அதற்குப் பாதி, எனக்குப் பாதி.

அந்தப் பாதி ரொட்டி எனக்கு ஒரு தெருவையே வாங்கித் தந்தது. மணியோடு நடந்தால் இஸ்திரிக்காரர் பேசினார்; எதிர் வீட்டுப் பாட்டி பேசினார்; கன்னடம் மட்டும் அறிந்த முதியவர் ஒருவர் நாள்தோறும், “நாயி கச்சுத்தா?” என்று கேட்டார். கடிக்குமா என்பது கேள்வி. “கச்சல்ல” என்பேன் நான். தோழர்களே, இந்நகரில் நான் முதன்முதல் பேசிய கன்னடச் சொல் அதுதான்: கடிக்காது!

அச்சொல் பொய்யாயிற்று.

நான் பயில்வது நுண்ணுயிரியல். பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாய் வழியே அனுப்பப்படுகிறது. அவ்வேரிகளின் நீரை எடுத்து ஆராய்வது என் பாடத்தின் ஒரு பகுதி. சென்ற மாசி மாதம் பதினொரு நாள் அங்கே தங்கும் வேலை வந்தது. நீர் எடுக்கும் குப்பிகளை எண்ணி வைத்தேன்; பனிக்கட்டிப் பெட்டியைச் சரிபார்த்தேன்; அறைச் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். மணியை யாரிடம் ஒப்படைத்தேன்? எவரிடமும் இல்லை. தெரு நாய்தானே, தெரு பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினேன்.

மணி நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு அந்தப் படியில் ரொட்டிக்காகக் காத்திருந்தது. ஆறாம் நாள் மாலை, கீழ் வீட்டுச் சிறுவன் கையில் பன்னோடு படி ஏறினான். நாய் தாவியது, சிறுவன் பயந்து உதைத்தான், நாய் கடித்தது. ஆடுசதையில் இரண்டு பல் ஆழப் பதிந்துவிட்டன.

நான் திரும்பியபோது அவன் இரண்டு ஊசி போட்டு முடித்திருந்தான். கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை தோலில் போடும் ஊசி. காயம் ஆழமானதால் காயத்தைச் சுற்றியும் எதிர்ப்பு மருந்து செலுத்தியிருந்தார்கள். அவன் தாய் வீட்டு வேலைக்குச் செல்பவர். ஊசிக்குப் போன நாளெல்லாம் கூலி போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. “தம்பி, ஊருக்குப் போற பசங்க நீங்க. சோத்தப் போட்டுப் பழக்கிட்டுப் போயிடுறீங்க. கடி வாங்குறது எங்க புள்ளைங்க” என்றார். அதற்கு விடை என்னிடம் இல்லை. இன்றும் இல்லை.

நுண்ணுயிரியல் படிப்பவன் என்ற முறையில் என் வெட்கம் இன்னும் பெரிது. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். 1885-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் இந்நோய்க்கு எதிரான மருந்தைச் செலுத்திய வரலாறு எனக்குத் தெரியும். 1907-லேயே நம் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியதும் தெரியும். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கிறார்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருப்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த நான், ஏழு மாதம் சோறு போட்ட நாய்க்கு ஒரு தடுப்பூசி போடவில்லை! அதன் காதைக்கூடப் பார்க்கவில்லை. கருத்தடை செய்த நாயின் காதில் அடையாளமாகச் சிறு வெட்டு இருக்கும். மணியின் காதில் வெட்டு இல்லை. என் அறிவு ஏட்டில் இருந்தது. நாய் படியில் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு மாடிப்படிதான் தூரம்.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ முறை. எஞ்சிய ஐந்து நாளும் நான் உறங்கவில்லை. மணி நலமாக இருந்தது. சிறுவனும் நலமாக இருக்கிறான். இது நற்பேறு, என் நற்செயல் அன்று.

நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். ஒருவர் கேட்டார்: “அது உன் நாயா? விலைக்கு வாங்கினாயா? தெருவில் திரிவதற்கு நீ எப்படிப் பொறுப்பாவாய்?” இன்னொருவர், “ஈராண்டு தங்குபவன் நாயைத் தொடவே கூடாது, இரக்கத்தை ஊரில் விட்டு வரவேண்டும்” என்றார்.

இரண்டும் பிழை என்பேன். முதலாமவருக்கு விடை: சொத்துக்குத்தான் பத்திரம் வேண்டும், பழக்கத்துக்குப் பத்திரம் எதற்கு? ஒரு நேரத்தில், ஓர் இடத்தில், ஒரு கையை எதிர்பார்க்கும்படி ஓர் உயிரைப் பழக்கியவன் அதற்குப் பொறுப்பாளியே. இரண்டாமவருக்கு விடை: இரக்கத்தை ஊரில் விட்டு வந்தவன் இந்நகரில் எதைக்கொண்டு குடியேறுவான்? எனக்குத் தெருவைக் காட்டியது அந்த இரக்கந்தானே! குற்றம் இரக்கத்தில் இல்லை. அதைப் பாதியில் விட்டதில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் பயனாய் 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வளர்த்த உயிரைப் பசியால் வாடும்படி கைவிடுவது அதன்படி குற்றம். முதல் குற்றத்துக்குத் தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும்! ஐம்பது ரூபாய்க்கு இன்று இருவர் வயிறாரச் சிற்றுண்டி உண்ண முடியுமா? சட்டத்துக்கு அஞ்சி எவரும் இங்கே திருந்தப்போவதில்லை. மனம் அஞ்சினால்தான் உண்டு.

2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இன்னும் தெளிவானவை. நாய்க்கு உணவு வைக்கும் இடம் மாடிப்படியிலிருந்தும் வாயிலிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் விலகியிருக்க வேண்டும். பிள்ளைகளும் முதியோரும் நடமாடாத நேரமாக இருக்கவேண்டும் என்கின்றன. நான் உணவு வைத்தது மாடிப்படியில். நேரம் மாலை ஆறு மணி. 2025 ஆகஸ்டு 22-இல் உச்ச நீதிமன்றமும் இதற்கெனக் குறித்த இடங்களில்தான் உணவிட வேண்டும் என்றது. அவ்வாண்டு நவம்பர் 7-இல் கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்கவும், அதே இடத்தில் மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது. அவ்வாணை சரியா தவறா என்று விடுதிகளில் சூடாக வாதிடுகிறோம். வாதிடுவோம்; தவறில்லை. ஆனால் வளாகத்து நாய்களுள் எத்தனைக்கு நம் கூட்டம் பெயர் வைத்தது, எத்தனைக்கு ஊசி போட்டது என்று யாராவது எண்ணியதுண்டா?

எண்ணுவது இயலாத செயல் அன்று. 2023-இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் இந்நகரின் தெரு நாய்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 79 ஆயிரம். 2019-இல் ஏறத்தாழ 3 லட்சத்து 10 ஆயிரம். பத்தில் ஏழுக்குக் கருத்தடை ஆகியிருந்தது. ஆகவே செய்தால் குறைகிறது, விட்டால் பெருகுகிறது. ஒரு நகரம் எண்ணிவிட்டதை ஒரு மன்றம் எண்ண முடியாதா?

பூனைக்குட்டியோ சாதி நாய்க்குட்டியோ வாங்கி அறையில் வளர்க்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். நம் படிப்பு ஈராண்டு. ஊருக்குக் கூட்டிச் செல்லலாம் என்பீர்கள். இரயிலில் உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்புக் குளிர்பெட்டியில் தனியறை முழுவதையும் எடுக்கவேண்டும். இல்லையேல் காவலர் பெட்டியில் கூண்டில் ஏற்றவேண்டும். அந்தச் செலவையும் தொல்லையையும் வாங்குமுன் எண்ணவேண்டும். வாங்கியபின் எண்ணினால் முடிவு தெருவோரந்தான்.

என் கருத்து இதுவே: கைமாற்ற ஆள் இல்லாதவன் கைநீட்டக் கூடாது. உணவு வைக்கத் தொடங்குமுன், நான் வெளியூர் போனால் யார், படிப்பு முடிந்து போனால் யார் என்ற இரண்டு பெயர்களை அவன் சொல்லவேண்டும். அவ்விருவரில் ஒருவரேனும் அந்தத் தெருவிலேயே நிலையாக வாழ்பவராக இருக்கவேண்டும். அப்படி ஒருவரைத் தேடிப் பேசிப் பழகுவதே நாம் இந்நகரில் குடியேறும் வழியும் ஆகும். தடுப்பூசியும் கருத்தடையும் முதல் மாதத்திலேயே முடியவேண்டும்.

மன்றத்துக்கும் ஒரு விண்ணப்பம். நூலக அலமாரியில் ஒரு நோட்டு வையுங்கள். எந்தத் தெருவில், எந்த அறை வாசலில், எந்த உயிர், ஊசி போட்ட நாள், பார்த்துக்கொள்பவர், அடுத்துப் பார்த்துக்கொள்பவர். நான்கு பத்திகள் போதும். ஆண்டு விழாவில் விடைபெறுவோர் மாலை வாங்குமுன் அந்நோட்டில் கையெழுத்து இடட்டும்.

முதல் வரியை நான் எழுதித் தருகிறேன். மணி, ஜோகுபாளையம். கருத்தடையும் ஊசியும் பங்குனியில் முடிந்தன. உணவு இப்போது படியில் இல்லை. இஸ்திரி வண்டிக்குப் பின்னால், காலை ஐந்தரைக்கு. பார்த்துக்கொள்பவர் நான். நான் கோலாருக்குப் போகும் நாட்களிலும், வரும் வைகாசிக்குப் பிறகும் பார்த்துக்கொள்பவர் இஸ்திரிக்காரர். ரொட்டிச் செலவை நான் அனுப்புவதாக ஒப்பந்தம்.

கீழ் வீட்டுச் சிறுவன் இன்னும் மணியின் அருகே வருவதில்லை. வரச்சொல்லி நானும் அழைப்பதில்லை. கன்னடப் பெரியவர் மட்டும் இன்றும், “நாயி கச்சுத்தா?” என்று கேட்கிறார். இப்போது நான், “கொத்தில்லா, தூரா இரி” என்கிறேன். தெரியாது, தள்ளி இருங்கள் என்று பொருள். அவர் தலையசைத்துவிட்டுப் போகிறார்.