மெல்லக் கேட்கும் உரிமை

கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில்கள் இரவெல்லாம் ஷண்டிங் செய்யும் இரைச்சலுக்கு நடுவே குடியிருக்கும் ஒருவன் 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குவதாவது என்று ஆசிரியர் ஓய்வறையில் நண்பரொருவர் நகைத்தார். அடையாற்றில் இருப்பவருக்கு அது சரி, உமக்கு எதற்கு என்பது அவர் சொல்லாமல் சொன்னது. இன்னொரு நண்பர் என் பக்கம் பேசுவதாக எண்ணிக்கொண்டு, வால்வில் ஆன்மா இருக்கிறது, டிரான்ஸிஸ்டரில் அது இல்லை என்றார். இருவரும் பிழை என்பதே என் கட்சி.

வாட் பத்து மடங்கானால் ஓசையும் பத்து மடங்காவதில்லை. 5 வாட்டை 50 ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபல். காதுக்கு அது ஏறக்குறைய இருமடங்கு, அவ்வளவே. 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் அரிய பொருளன்று. நாம் பேசிக்கொள்வதோ 60 டெசிபல் அளவில். என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. பொதுச்சுவருக்கு அப்பால், துறைமுகத்தில் இரவுப்பணி முடித்து வந்தவர் உறங்குகிறார். அங்கே நான் செலவிடுவது பெரும்பாலும் ஒரு வாட்டில் சிறு பின்னமே. ரயிலோடு போட்டியிட 500 வாட்டாலும் ஆகாது. அது கடந்து போகும்வரை காத்திருக்கலாம். (பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்ட பெட்டிகளை நம்பிய தலைமுறையல்லவா நாம்!)

ஆன்மாவுக்கு வருவோம். ஒற்றை வால்வு வழியே ஒலியைப் பெருக்கும் சுற்று, மூல ஸ்வரத்தோடு அதன் இரட்டிப்பு அதிர்வெண்ணையும் கொஞ்சம் கலந்துவிடுகிறது. ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்வது போன்றது அது. ஆகையால் செவிக்கு உறுத்துவதில்லை. வால்வின் கதகதப்பு என்று சிலாகிக்கப்படுவதில் பெரும்பங்கு இதுவே. பொறியியலில் இதன் பெயர் சிதைவு. எனக்கும் பிடித்திருக்கிறது, அதைச் சொல்ல ஆன்மாவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

இந்த ஆன்மவாதத்தால் காசுதான் விரயமாகிறது. சுமார் 8 வாட் தரும் 300பி வால்வின் பெயருக்கு மயங்கிப் பெருந்தொகை கொடுப்பவர்கள், வீட்டில் இருப்பது 84 டெசிபல் ஸ்பீக்கர் என்பதைப் பார்ப்பதில்லை. பிறகு தவில் தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் ஒலி நசுங்குகிறது, பழி வால்வின் மேல் விழுகிறது. முதலில் ஸ்பீக்கரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு, எளிய ஈஎல்84 வால்வில் 5 வாட் சுற்றொன்று போதும். மிஞ்சும் பணம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகட்டும். மந்திர ஸ்தாயியின் கனம் பெரிதும் அங்கேதான் தீர்மானமாகிறது. குறையையும் மறைக்கவில்லை: 5 வாட் இசைக்குப் பல மடங்கு மின்சாரம் வெப்பமாகவே போகிறது. சித்திரை மாதத்தில் அது இன்பமன்று.

எங்கள் பேட்டைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது ஜார்ஜ் டவுன். அங்கே தம் வீட்டில் வீணை தனம்மாள் (1867-1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். மைக் கிடையாது. மெல்லிய நாதம்; வந்தவர்கள்தாம் அசையாமல் அமர்ந்து அதை எட்டிப் பிடிக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய சந்தடி மிகுந்த வணிகப் பகுதி அது. மெல்லக் கேட்பதை அடையாற்றுக்குப் பட்டா போட்டுக் கொடுப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

நகைத்த நண்பருக்கு அழைப்பு விடுத்திருக்கிறேன். எந்த வெள்ளிக்கிழமையும் வரலாம். சரக்கு ரயில் போகும்போது பேசிக்கொள்ளலாம், மற்ற நேரத்தில் கூடாது.