தலைகளை எண்ணும் ஒப்பந்தம்

ஓர் ஆலை தன் கணக்கு, சரக்கிருப்பு, ஆள்வருகை அனைத்தையும் ஒப்படைத்துவைத்திருக்கும் தரவுத்தள மென்பொருளின் உரிமத்தைப் பற்றி இலக்கிய வாசகருக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். அந்த உரிமத்தின் விலை விலைப்பட்டியலில் இல்லை, வரையறைகளில் இருக்கிறது என்பதே நம் பதில். வரையறைகள் சொற்களால் ஆனவை. சொற்களைச் சந்தேகத்தோடு வாசிப்பது நம் தொழில்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலை இருப்பதாகக் கொள்வோம். அலுவலகத்தில் கணினி முன் அமர்பவர்கள் முப்பது பேர். உலைக்களத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் நானூறு பேர். வாசலில் கட்டைவிரல் ரேகை பதியும் கருவி, அதற்கப்பால் லாரி எடைமேடை. இரண்டும் தரவுத்தளத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. இங்கே தரவுத்தளத்தின் பயனர்கள் எத்தனை பேர்? முதலாளி முப்பது என்பார். மொழியறிந்த எவரும் அதையே சொல்வர்.

ஆரக்கிள் நிறுவனத்தின் ஒப்பந்தம் அப்படிச் சொல்வதில்லை. பயன்படுத்த அனுமதி பெற்றவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் பயனரே. மனிதர் இயக்காத கருவி தரவுத்தளத்தை எட்டுமானால் அதுவும் ஒரு பயனர். இடையில் வேறொரு மென்பொருள் நின்றால், எண்ணிக்கையை அதன் முன்வாசலில் எடுக்க வேண்டும். அப்படியானால் கட்டைவிரலை வைத்துவிட்டு உலைக்குப் போகும் தொழிலாளி கருவியை இயக்குகிறாரா, இல்லையா? கையெழுத்திடும் நாளில் இதை யாரும் கேட்பதில்லை. தணிக்கை வரும் நாளில் எழுகிறது. 45 நாள் முன்னறிவிப்போடு தணிக்கை செய்யும் உரிமையும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

இது வீண் பயமல்ல. எஸ்ஏபி நிறுவனம் டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பனைப் பிரதிநிதிகளும் வாடிக்கையாளர்களும் வேறொரு மென்பொருள் வழியாக மறைமுகமாகத் தொட்டதும் உரிமக் கட்டணத்துக்கு உரிய பயன்பாடே என்றது அத்தீர்ப்பு. எஸ்ஏபி கோரிய தொகை 5.4 கோடி பவுண்டுக்கும் மேல். பெரும் வழக்கறிஞர் படை உள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி.

தலைகளை எண்ண வேண்டாம், செயலிகளை எண்ணுங்கள் என்றால் கணக்கு வேறு வகையில் ஏறும். ஆரக்கிளின் பட்டியல்படி, பெருநிறுவனப் பதிப்புக்குச் செயலி ஒன்றுக்கு 47,500 டாலர். எட்டுக் கருக்கள் கொண்ட இன்டெல் சில்லுகள் இரண்டு உள்ள ஒரு வழங்கியில் மொத்தம் 16 கருக்கள். கருவுக்கு அரை என்ற விகிதத்தில் அவை 8 செயலிகள். ஆக 3,80,000 டாலர். டாலரை 85 ரூபாய் என்று கொண்டால் 3.23 கோடி ரூபாய். இதற்குமேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம். அதே தரவுத்தளத்தை விஎம்வேர் வழியாக, இத்தகைய நான்கு வழங்கிகள் சேர்ந்த தொகுதியின் ஒரு மூலையில் ஓட்டினால், நான்குக்கும் உரிமம் வேண்டும் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்த நிலைப்பாட்டைச் சொல்லும் ஆவணமோ, தான் ஒப்பந்தத்தின் பகுதியல்ல, தகவலுக்கு மட்டுமே என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டிருக்கிறது!

நம் சிற்றிதழ்கள் ஆசிரியனின் மரணத்தைப் பக்கம் பக்கமாக விவாதித்ததுண்டு. இந்தப் பிரதியில் இறந்துகிடப்பவன் வாசகன். ஆசிரியன் உயிரோடு இருக்கிறான். பிரதிக்கு வெளியே நின்று அதற்குப் பொருளும் சொல்கிறான்.

இன்னொரு தந்திரத்தையும் பார்ப்போம். பழுதறியும் வசதி, வேகம் கூட்டும் வசதி என்ற இரண்டும் தனிக் கட்டணத்துக்கு உரியவை. ஆனால் பெருநிறுவனப் பதிப்பை நிறுவும்போதே அவை திறந்தே கிடக்கின்றன. நிர்வாகி அறியாமல் ஓர் அறிக்கையை எடுத்தாலும் தரவுத்தளம் அதைத் தன் பயன்பாட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. கடைக்காரர் பண்டத்தை நம் பையிலேயே போட்டுவிட்டுப் பின்னர் பையைச் சோதிப்பது போன்றது இது.

எல்லாவற்றிலும் கூரிய வரையறை 2023 ஜனவரியில் வந்தது. அது தரவுத்தளத்துக்கானதல்ல, அதே நிறுவனத்தின் ஜாவாவுக்கானது. ஆயினும் மனப்போக்கு ஒன்றே. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வியே கைவிடப்பட்டது. நிறுவனத்தின் மொத்த ஊழியர்களையும் எண்ண வேண்டும். பகுதிநேரத்தார், தற்காலிகப் பணியாளர் மட்டுமின்றி, நிறுவனத்தின் உட்பணிகளுக்குத் துணைசெய்யும் ஒப்பந்ததாரரின் ஆட்களும் அதில் அடங்குவர். நம் உருக்காலையில் 430 பேரையும் எண்ணி, ஆளுக்கு மாதம் 15 டாலர் வீதம் போட்டால் ஆண்டுக்கு 77,400 டாலர்.

அந்த நானூறு பேரும் நிரந்தரம் கேட்கும்போது, ‘நீங்கள் எங்கள் ஊழியர் அல்லர், ஒப்பந்ததாரரைக் கேளுங்கள்’ என்பதே நிர்வாகங்களின் வழக்கமான பதில். உரிம ஒப்பந்தத்தின் ஒரு பத்தியோ அவர்களை ஊழியர் என்று ஒரே வரியில் அங்கீகரித்துவிடுகிறது, கட்டணம் வசூலிப்பதற்காக மட்டும். உரிமை என்றால் எண்ணப்படாத தலை, உரிமம் என்றால் எண்ணப்படுகிறது.

பட்டியல் விலையை யார் கொடுக்கிறார்கள், பெரும் தள்ளுபடி உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் தள்ளுபடி ஒருமுறை கிடைக்கும் சலுகை. வரையறையோ நிரந்தரம். உழைத்துச் செய்த மென்பொருளுக்கு விலை கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. படியின் அளவை விற்பவரே பின்னால் மாற்றிக்கொள்வதைத்தான் எதிர்க்கிறோம்.

மாற்று இல்லாமலும் இல்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வின் வழிவந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்குத் தலைக்கணக்கும் இல்லை, உரிமக் கட்டணமும் இல்லை. ஜாவாவுக்கும் ஓப்பன்ஜேடிகே என்ற கட்டணமற்ற வடிவம் உண்டு. மாறுவதற்கு உழைப்பும் பணமும் தேவைப்படும் என்பது உண்மை. பழைய நிரல்களைத் திருத்த வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும். அந்தச் செலவு ஒருமுறையோடு பெரும்பாலும் முடியும். மற்றது ஆண்டுதோறும் வரும். திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015இல் தன் துறைகளுக்காக அறிவித்தது. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் உள்ள சிறுதொழில் முனைவோருக்கு அப்படி எடுத்துச் சொல்வார் யார்?

தொழிற்பேட்டைச் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கையெழுத்திடும் முன் பயனர், செயலி, பயன்பாடு, ஊழியர் என்ற நான்கு சொற்களின் பொருளையும் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். வெளியே கிடக்கும் எந்த ஆவணமும் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்ப வேண்டும். அந்த நான்கு சொற்களையும் தெளிந்த தமிழில் விளக்கும் ஒரு சிறு கையேட்டை எழுதும் பொறுப்பு, மொழியோடு புழங்கும் நம் போன்றோருடையது.