சர்வர் ஏன் இரவில் விழுகிறது?

காலையில் அலுவலகம் திறக்கும்போது சர்வர் நின்று கிடக்கிறது. கோப்பைத் திறக்க முடியாதவர்கள் எல்லோரும் கணினிப் பிரிவில் இருக்கும் அந்த ஒரே ஒருவரின் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். "ராத்திரி பேக்கப் ஓடும்போது விழுந்திருக்கு சார்" என்கிறார் அவர். இதுவே மூன்றாவது முறை என்றானதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது: பேக்கப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். அதன்பின் சர்வர் விழுவதில்லை. எல்லோருக்கும் நிம்மதி. இந்த நிம்மதியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

சர்வரில் இருப்பதில் சொற்பத்தைத்தான் நாம் பகலில் தொடுகிறோம். ஐந்தாண்டுக்கு முந்தைய சம்பளப் பட்டியலையோ முடிந்துபோன வழக்கின் ஸ்கேன் பிரதியையோ யாரும் திறப்பதில்லை. முழு பேக்கப் ஓடும் இரவில்தான் முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்புவரை அத்தனையும் படிக்கப்படுகிறது. டிஸ்க்கில் பல மாதமாகக் கெட்டுக் கிடக்கும் ஒரு சிறு பகுதி (செக்டார்) அப்போதுதான் தட்டுப்படும். வைரஸ் ஸ்கேனையும் அதே நேரத்துக்கு யாரோ குறித்து வைத்திருந்தால், இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்க்கைப் போட்டு இழுக்கும். கடைசியாகக் கிளம்பியவர் ஏசியை அணைத்துவிட்டுப் போயிருப்பார். சர்வர் மிகக் கடுமையாக உழைக்கும் நேரத்தில் அறை புழுங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி தேய்ந்த யூ.பி.எஸ். ஒரு நொடி மின்தடைக்கே கைவிட்டுவிடும். பேக்கப் நேரத்தில் சர்வர் விழுகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் கோளாறு முன்பே அங்கே இருந்திருக்கிறது. பேக்கப்பை நிறுத்தினால் கோளாறு அப்படியே இருக்கும், பிரதி மட்டும் இருக்காது.

எதனால் விழுந்தது என்பதைச் சர்வரே எழுதி வைத்திருக்கும். விண்டோஸ் சர்வரின் ஈவென்ட் வியூவரில் டிஸ்க் பற்றிய 7ஆம் எண் பதிவு இருந்தால் டிஸ்க்கில் கெட்ட இடம் இருக்கிறது. 153 என்றால், கேட்ட தகவலை டிஸ்க் நேரத்துக்குத் தராமல் மறுபடி கேட்க வேண்டியிருந்திருக்கிறது. 41 என்றால், முறையாக அணைக்கப்படாமலே எந்திரம் மறுபடி எழுந்திருக்கிறது. அப்போது மின்சாரத்தையும் சூட்டையும் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் விழுகிறதா, ஒரே கோப்பு வரும்போது விழுகிறதா என்று ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும். இதற்கெல்லாம் அமைதியாக உட்கார்ந்து பார்க்கச் சில மணி நேரம் வேண்டும். பிரிண்டருக்குப் பேப்பர் போடுவதிலிருந்து இணையம் வரவில்லை என்ற புகார்வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறவருக்கு அந்த நேரத்தை நாம் கொடுப்பதில்லை.

பேக்கப்பே சேதம் செய்வதும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே சூப்பர் கம்ப்யூட்டரின் கோப்புகளைப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டை, கணினியை வழங்கிய நிறுவனம் திருத்தியது. பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதைப் பதிந்துவிட்டார்கள். இந்த வகை ஸ்கிரிப்டை எந்திரம் ஓட ஓடத்தான் படிக்கும். ஆகவே பாதி வழியில் புதிய வரிகளுக்குத் தாவியது. அங்கே தேவைப்பட்ட பெயர்களுக்கு மதிப்பே தரப்பட்டிருக்கவில்லை. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் குறிப்புகளை மட்டும் அழிக்க வேண்டிய கட்டளை, ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 77 டெராபைட், 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. பல்கலைக்கழகம் நடந்ததை வெளிப்படையாக அறிவித்தது. முழுப் பொறுப்பும் தங்களுடையதே என்று அந்த நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. இழப்பு பெரியது, ஆனாலும் இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறு விதம். சர்வர் சுமையோடு இரவுவரை போராடிய ஒரு பொறியாளர், தவறான எந்திரத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி. தரவு போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால், அன்றாடப் பிரதி எடுக்கும் கருவி பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. நிறுவனம் தன் விளக்க அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. மீட்புப் பணியை உலகமே பார்க்கும்படி நேரலையில் காட்டியது. தவறு செய்தவரைத் துரத்தியிருந்தால் அந்த மின்னஞ்சல்கள் நின்றுபோன கதை வெளியே வந்திருக்குமா?

நம் அலுவலகங்களுக்கு வருவோம். தவறை ஒருவர் தலையில் கட்டும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஏசியை அணைத்தவர், கல்யாண வீடியோவைச் சர்வரில் கொட்டி வைத்தவர், இரவு முழுக்க எக்செல் கோப்பைத் திறந்தபடி விட்டுப் போனவர், புதிய டிஸ்க் கேட்ட கடிதத்தை ஆறு மாதம் கிடப்பில் போட்ட மேலாளர், பொருத்திய அன்றோடு திரும்பிப் பார்க்காத விற்பனையாளர் என இந்தச் சங்கிலியில் எல்லோரும் இருக்கிறோம். கடைசி ஆளை மட்டும் பிடித்து விசாரிப்பது நியாயமாகாது. அது சர்வரையும் சரிசெய்யாது.

தலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்க், பேட்டரி இரண்டையும் பழுதான பின் வாங்கும் பொருளாகப் பார்க்காதீர்கள். ஆண்டுச் செலவில் முதலிலேயே சேருங்கள். ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். கணினிப் பிரிவினர் "நேற்று பேக்கப் முடியவில்லை" என்று பயமில்லாமல் சொல்ல இடம் கொடுங்கள்.

மற்றவர்கள் செய்யக்கூடியது எளிது. போன வருடம் நீங்கள் சேமித்த ஏதாவது ஒரு கோப்பைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரும்படி இந்த வாரம் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு வரவில்லை என்றால் கோபப்படாமல், அன்றைக்கே அவரோடு சேர்ந்து மேலாளரின் அறைக்குப் போங்கள்.