அட்சய பாத்திரம் யாருக்குச் சோறு போட்டது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்து ஏறினால் மலையடிவாரம் வரை நகைக்கடைப் பதாகைகள் கூடவே வரும். சித்திரை மாதம் என்றால் எல்லாவற்றிலும் ஒரே செய்திதான்: அட்சய திருதியைக்கு முன்பதிவு, செய்கூலியில் தள்ளுபடி. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் பதாகைகள் மறைந்துவிடும். ஆனால் அதே விளம்பரம் கைபேசியில் மலையேறி வந்துவிடும்.

கள ஆய்வுக்காகச் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போய்வருகிறேன். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் அக்கா ஒருநாள் கேட்டார்: "அன்னைக்கு ஒரு குண்டுமணியாவது வாங்கணுமாமே, நெசமா?" அவர் கழுத்தில் கிடந்தது கவரிங். ஒரே ஒரு ஜோடி தோடு வைத்திருந்தார். அது போன ஜூன் மாதம் பிள்ளையின் படிப்புச் செலவுக்காக அடகுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

"எல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். நாம் வழக்கமாகச் செய்வது அதுதான். ஆனால் "நெசமா?" என்று கேட்டவருக்கு அது பதில் ஆகாது. இந்த நாளைப் பற்றிய கதைகள் என்னதான் சொல்கின்றன என்று பார்ப்போம்.

அட்சயம் என்றால் குறையாதது. சித்திரை அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறை மூன்றாம் நாள் அது. இந்த நாளோடு அதிகம் பேசப்படும் கதைகள் சோற்றைப் பற்றியவை. குசேலர் கொண்டுபோனது ஒரு பிடி அவல். சூரியன் தருமனுக்குக் கொடுத்தது உணவு சுரக்கும் பாத்திரம். அந்தப் பாத்திரம் எதற்காகக் கேட்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். காட்டுக்குப் போன தருமனுடைய கவலை, தன்னைப் பின்தொடர்ந்து வந்த பிராமணர்களுக்கு எப்படி உணவளிப்பது என்பது. பாஞ்சாலி சாப்பிட்டு முடிக்கும்வரை அதில் உணவு குறையாது, அவள் சாப்பிடுவதோ கடைசியில். பிராமணர் முதலில், பெண் கடைசியில். பாத்திரம் குறையாததுதான், பந்தியின் வரிசையும் மாறாததுதான்.

சமணர் சொல்லும் கதை வேறு. முதல் தீர்த்தங்கரர் ரிஷபநாதர் துறவு பூண்டபின் உணவுக்காக வீடு வீடாக நடக்கிறார். துறவிக்கு எதைக் கொடுப்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை. பொன், மணி, யானை, குதிரை என்று தாங்கள் உயர்ந்ததாக நினைத்தவற்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர் எதையும் தொடாமல் பசியோடு நடக்கிறார். ஓராண்டுக்குப் பின் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச் சாற்றைக் கொடுக்க, இரு கைகளையும் குவித்து ஏந்திக் குடிக்கிறார். அந்த நாள்தான் அட்சய திருதியை. ஓராண்டுக்கு மேல் வர்ஷிதப் நோன்பிருக்கும் சுவேதாம்பர சமணர்கள் இன்றும் இந்த நாளில் கரும்புச் சாறு குடித்தே நோன்பை முடிக்கிறார்கள். பசித்து வந்தவர் முன்னால் பொன்னை வைத்தது அறியாமை என்று சொல்லும் கதையின் நாளில்தான் நம்மைப் பொன் வாங்கச் சொல்கிறார்கள்.

அதற்காக, தங்கம் வாங்குகிறவர்களைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த வரலாறு உள்ள மண்ணில் ஒரு தலித் பெண்ணின் காதில் மின்னும் தோடு வெறும் ஆடம்பரம் அல்ல. நிலமோ வங்கிச் சேமிப்போ இல்லாத பெண்ணுக்கு அவசரத்தில் கை கொடுப்பதும் அதுதான். என் கேள்வி வாங்குகிற அக்காவிடம் அல்ல. 2025 அட்சய திருதியை அன்று ஒரு சவரன் 70 ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த விலையில், 'இன்று வாங்காவிட்டால் வீட்டில் செல்வம் தங்காது' என்ற பயத்தை விற்கிறார்களே, அவர்களிடம்தான் கேள்வி.

சேர்வராயன் மலையில் குறையாமல் விளைந்தது எது? 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். இரண்டு நூற்றாண்டுகளாக அது விளைகிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து பாக்சைட் வெட்டிப் போனது. சாமையும் தினையும் விதைத்த மலையாளிப் பழங்குடியினரில் (இவர்கள் கேரளத்தவர் அல்லர், காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள்) பலர் இன்று தோட்டக் கூலிகள். மலை அள்ள அள்ளக் கொடுத்தது. அந்த அக்காவின் வீட்டில் குறையாமல் இருப்பது அடகுக் கடை வட்டி.

தமிழில் இன்னொரு பாத்திரமும் உண்டு, மணிமேகலையின் அமுதசுரபி. அது முதலில் ஆபுத்திரன் கையில் கிடைத்தது. பிறந்ததும் கைவிடப்பட்டவன், பசு பால் கொடுத்துக் காத்த பிள்ளை. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காக அந்தணர்கள் அவனை அடித்துத் துரத்தினார்கள், அவனுடைய பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். பின்னர் அந்தப் பாத்திரம் கணிகையர் குலத்தில் பிறந்த மணிமேகலைக்கு வருகிறது. அவள் பார்வையற்றவருக்கும் நடக்க முடியாதவருக்கும் ஆதரவற்றவருக்கும் சோறு போடுகிறாள், சிறைக்கூடத்தை அறக்கூடமாக மாற்றுகிறாள். யார் என்ன குலம் என்று அந்தப் பாத்திரம் கேட்கவில்லை. பசிக்கிறதா என்று மட்டும் கேட்டது. அது கோமுகிப் பொய்கையில் மேலே வருவது புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று. அட்சய திருதியைக்கும் வைசாகப் பௌர்ணமிக்கும் இடையே பன்னிரண்டே நாட்கள். ஆனால் முதல் நாளுக்கு ஊரெல்லாம் பதாகை, இரண்டாவது நாளின் பாத்திரம் பாடப்புத்தகத்தோடு சரி.

இன்றைய அமுதசுரபி எங்கே என்றால், நம் பள்ளிச் சமையல்கூடங்களைக் காட்டுவேன். சத்துணவும் 2022இல் தொடங்கிய காலை உணவும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கின்றன. அதனால்தான் சாதி அங்கேயே போய் நிற்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். பிள்ளை பசியோடு இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கை சமைக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை. ஆபுத்திரன் பாத்திரத்தில் விழுந்த கல் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்காவிடம் ரிஷபநாதர் கதையைச் சொன்னேன். "கதையில தங்கம் வாங்கச் சொல்லலக்கா, பசிச்சவங்களுக்குக் குடுக்கத்தான் சொல்லுது" என்றேன். அவர் சிரித்தார். "அதைத்தானப்பா தெனமும் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

இந்தக் கட்டுரையைப் படிக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அட்சய திருதியையைக் கேலி செய்து பதிவு போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பன்னிரண்டு நாள் கழித்து வரும் பௌர்ணமிக்கு உங்கள் ஊரில் ஒரு பொதுப்பந்தி வையுங்கள். சமைப்பது யார் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டு இலை போடுங்கள். யார் உட்காருகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்பதில் தெரிந்துவிடும், நம் ஊரில் எது இன்னும் குறையாமல் இருக்கிறது என்று.